பஸ் ஸ்டாப்பில் நின்ற கார்

அத்தியாயம் 17

போன வாரம் நம் டிரைவரை ஷூ லேஸ் கட்டக் குனிந்த நிலையில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக மனிதர் குனிந்தபடியே இருக்கிறார். முதலில் அவரை நிமிர்த்திவிடுவோம்.

நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. குனிந்ததால் என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். பயத்தால் என்று வீட்டிலிருந்த மற்ற இருவருக்கும் தெரியும்.

இன்று வெள்ளிக்கிழமை. டிரைவருக்குக் கார் லைசென்ஸ் தேர்வு. சொந்த ஊரில் தலை நரைக்கும்வரை அரசு பஸ் ஓட்டியவர், இந்த நாட்டில் ஒரு சின்னக் காரை ஓட்டிக் காட்ட முடியாமல் இரண்டு முறை தோற்றிருந்தார். இது மூன்றாவது முறை.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இங்கே வண்டிகள் சாலையின் மறுபக்கத்தில் ஓடும். முதல் முறை கம்பீரமாகக் கதவைத் திறந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தேடினார். அது பக்கத்து சீட்டுக்கு முன்னால் இருந்தது. இரண்டாவது முறை ஸ்டியரிங்கைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ஒரு திருப்பத்தில் பழைய பழக்கத்தில் எதிர்ப்பக்கம் ஏறி, எதிரே வந்த ரொட்டி வேனுக்கு முன்னால் நின்று, "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று அந்த வேன்காரரையே கேட்டும்விட்டார். தமிழில் கேட்டதால் தப்பித்தார்.

இன்றுதான் முதல்முறையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. வேலை கிடைத்து இந்த நாட்டுக்கு வந்தவர் டிரைவர் அல்ல, அவர் மனைவி. பழைய தெருவில் அவளைப் பல்லம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவளுக்கும் அதில் கோபமில்லை. பல் டாக்டர் இல்லை அவள். டாக்டர் வாயை அளவெடுத்து அனுப்புவார். அந்த அளவுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறவள். இங்கே பெரிய பல் செட் கூடம் ஒன்றில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். அவளோடு மகளும் வந்தாள். டிரைவர் சம்பளமில்லாத லீவு ஒரு வருஷம் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

அந்த லீவு இதோ முடியப் போகிறது. செவ்வாய்க்கிழமை காலை அவர் பழைய டிப்போவில் நிற்க வேண்டும். இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டும். இன்னொரு நாள்கூட லீவு கிடையாது என்று டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இங்கே வயதானவர்கள் பகலில் வந்து உட்கார்ந்து போகும் மையம் ஒன்றில் வேன் ஓட்ட ஆள் தேடுகிறார்கள். டிரைவரைப் பார்த்ததும் பிடித்தும் போயிற்று. லைசென்ஸ் மட்டும் கேட்கிறார்கள். ஆகவே கணக்கு இதுதான்: இன்று பாஸானால் இங்கே. ஃபெயிலானால் ஞாயிற்றுக்கிழமை விமானம்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது லைசென்ஸைவிடப் பெரியது.

இங்கே வரும் முன் பல்லம்மா டிரைவரிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். "ஒரு வருஷம் வந்து பாருங்க. பிடிக்கலைன்னா தாராளமா திரும்பிப் போங்க. இருங்கன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்." பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். அதில்தான் வந்தது வினை. இந்தக் குடும்பத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது ஒரு வியாதி. ஒரு வருஷமாக அவள் கேட்கவே இல்லை. கேட்கவில்லையே, நாம் இருந்தாலும் போனாலும் இவளுக்கு ஒன்றுதான் போலிருக்கிறது என்று டிரைவர் முடிவு கட்டிவிட்டார். அதை அவரும் வாய்திறந்து கேட்கவில்லை. சாப்பாட்டில் உப்பு குறைவு என்பதைச் சொல்லவே மூன்று நாள் எடுத்துக்கொள்கிற மனிதர் அவர்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள் பல்லம்மா, வேலைக்குக் கிளம்பிக்கொண்டே.

"எனக்கா? மலைப்பாதையில, கொட்டற மழையில, வளைவுல திரும்பறேன், எதிர்ல ஒரு லாரி..."

"அப்பா, அந்த லாரி ஒவ்வொரு தடவை நீங்க சொல்லும்போதும் கொஞ்சம் பெருசாகுது," என்றாள் மகள். பதினாறு வயது. சின்னக் குழந்தையாக இருந்தபோதே அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று விசில் ஊதியவள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் கண்டக்டர். அன்று அவளுக்குப் பள்ளி விடுமுறை. இந்த ஊர் பாஷை மூவரில் அவளுக்குத்தான் தண்ணீர்பட்ட பாடு. அதனால் அப்பாவோடு அவள்தான் போகிறாள்.

"சிரிக்காத கண்டக்டர். இன்னிக்கு நான் பாஸானா என்ன வாங்கித் தர?"

"முதல்ல ஓட்டுங்க. அப்புறம் பேசிக்கலாம்," என்றவள் எங்கோ பார்த்தாள்.

வாசலில் பல்லம்மா நின்றாள். அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டும். அவருக்கு ஏதோ கேட்க வேண்டும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"குடை எடுத்துக்குங்க," என்றாள்.

"எடுத்துக்கறேன்," என்றார்.

இவர்களைப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கலாம் என்று எனக்கே தோன்றியது.

* * *

தேர்வு அதிகாரி ஒரு பெண்மணி. நெடுநெடுவென்று உயரம். கையில் பேனா. சிரிப்புக்குத் தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டும், அதை இன்னும் வாங்கவில்லை என்பது போன்ற முகம். கண்டக்டரைக் காத்திருக்கும் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு டிரைவரை அழைத்துப் போனார்.

டிரைவர் சரியான கதவைத் திறந்தார். சரியான சீட்டில் உட்கார்ந்தார். பாதி வெற்றி.

மீதிப் பாதியும் வந்துவிடும் போலத்தான் இருந்தது. திருப்பங்களில் சரியான பக்கம் எடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நிதானித்தார். சாலையைக் கடக்க நின்ற ஒரு தாத்தாவுக்கு வழிவிட்டு, அவர் ஏறி நடைபாதையில் இரண்டு காலையும் வைக்கும்வரை காத்திருந்தார். சிக்னலில் நின்றபோது அதிகாரி மெல்லப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். வண்டி ஓட்டுபவர் மேல் நம்பிக்கை வந்தால்தான் பக்கத்தில் இருப்பவர் சாய்வார். இது டிரைவருக்குத் தெரியாதா? நெஞ்சு நிறைந்துவிட்டது.

மார்க்கெட்டைத் தாண்டியதும் ஒரு பஸ் ஸ்டாப். லேசாகத் தூறல். நிழற்குடையின் கீழ் ஏழெட்டுப் பேர். அவர்களில் ஒரு வயதான அம்மாள், தூறல் நின்றுவிட்டதா என்று பார்ப்பதற்காகக் கையை வெளியே நீட்டினார்.

அவ்வளவுதான்.

கை நீட்டிய பயணியை விட்டுவிட்டுப் போனார் என்று இத்தனை வருஷத்தில் நம் டிரைவர்மேல் ஒரு புகார் கிடையாது. அவர் மூளை ஏதும் யோசிக்கவில்லை. கால் யோசித்தது. வண்டி ஓரம் கட்டியது. ஒரு குலுக்கல் இல்லாமல், அந்த அம்மாளின் செருப்புக்கு நேராக, பட்டுப் போல வந்து நின்றது.

நின்றதோடு விட்டாரா? எல்லோரும் ஏறியாயிற்றா என்று கண்ணாடியில் வேறு பார்த்தார்.

கண்ணாடியில் காலி சீட்டு தெரிந்தது. அதற்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், நிஜ பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாளும் சும்மா இருக்கவில்லை. நம்மைத் தெரிந்தவர் யாரோ மழைக்கு இரங்கி நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்தார் போலிருக்கிறது. பின்கதவைத் திறந்து காய்கறிப் பையை முதலில் உள்ளே வைத்து இடம் பிடித்தார். அதிகாரி திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் அதிகாரியைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். பின்னால் நிஜ பஸ் நீளமாக ஹாரன் அடித்தது.

தன் ஸ்டாப்பில் வேறு வண்டி நின்றால் ஒரு பஸ் டிரைவருக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வரும் என்பது நம்மவருக்குத் தெரியும். அந்த ஹாரனைக் கேட்டபோதுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்பது புரிந்தது. காது நுனிவரை சுட்டது.

பையைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, காரை நகர்த்தி, தேர்வு நிலையத்துக்குத் திரும்பினார். இறங்கும் முன் அதிகாரி கேட்டார். அவர் அவருடைய பாஷையில் கேட்டதை நம் வசதிக்காக நான் தமிழில் தருகிறேன்.

"நீங்க ஊர்ல பஸ் ஓட்டினீங்களா?"

டிரைவர் தலையை ஆட்டினார்.

"நினைச்சேன். வண்டி நின்னதே எனக்குத் தெரியலை. கதவு திறந்தப்புறம்தான் தெரிஞ்சுது." பேனாவை மூடினார். "ஆனா பஸ் ஸ்டாப்ல கார் நிக்கக்கூடாது. ஒரே தப்பு, ஆனா அதுக்கு மன்னிப்பு கிடையாது. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க."

காத்திருக்கும் கூடத்தில் கண்டக்டர் எழுந்து நின்றாள். அப்பா நடந்து வந்த நடையிலேயே முடிவு எழுதியிருந்தது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று சட்டென்று வந்து மறைந்தது. ஏமாற்றம் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அது ஏமாற்றம் இல்லை. டிரைவர் தன் ஷூவைப் பார்த்தபடி வந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

"பரவாயில்லப்பா," என்றாள் ஓடிவந்து கையைக் கோத்துக்கொண்டு. "என்ன ஆச்சு?"

"ஸ்டாப்ல நிறுத்திட்டேன்."

"எந்த ஸ்டாப்ல?"

"பஸ் ஸ்டாப்லதான். கை காட்டினாங்கம்மா, நான் என்ன பண்ண?"

ஒரு கணம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். டிரைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு. அங்கே காத்திருந்தவர்கள், இவர் பாஸாகிவிட்டார் என்று நினைத்து ஒருவர் பின் ஒருவராகக் கைகுலுக்கினார்கள். எல்லோருக்கும் டிரைவர் நன்றி சொன்னார். மறுத்துச் சொல்ல அவருக்கு அந்தப் பாஷை போதவில்லை.

* * *

ஊரின் மறுகோடியில் பல்லம்மா மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தாள்.

பல் செட் ஒரே வீச்சில் ஆகிவிடாது. முதலில் மெழுகு ஈறில் பற்களை வரிசையாகப் பதித்து ஒரு மாதிரி செய்வார்கள். அது வாயில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் கெட்டியான செட். பல்லம்மாவின் கை இதில் பேர்போனது. பழைய வேலையிடத்தில் பேசிக்கொண்டே செய்வாள். இங்கே ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு விளக்கு, யாரும் யாரோடும் பேசுவதில்லை. அதற்கும் பழகிக்கொண்டாள்.

இன்று அவள் கை ஒரு பக்கம் போனது, மனசு வேறு பக்கம் போனது. மார்க்கெட் தாண்டியிருப்பாரா? வளைவில் சரியாகத் திரும்பியிருப்பாரா? பாஸானால் இருப்பார். இருப்பாரா? ஃபெயிலானால் போய்விடுவாரே. விளக்குக்குக் கீழே விரல்கள் தம்பாட்டுக்கு வேலை செய்தன.

"இது யாரோட பல்லு?"

நிமிர்ந்தாள். மேற்பார்வையாளர். எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பதால் பல்லம்மா மனசுக்குள் அவருக்குக் கடைவாய் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

"ரிட்டயரான டீச்சரம்மா ஒருத்தங்களோடது. டாக்டர் நேத்து அனுப்பினார்."

"அந்த டீச்சருக்கு முன்பல்லுல சந்து இருந்ததா?"

பல்லம்மா குனிந்து பார்த்தாள். மேல்வரிசையில், நட்டநடுவில், இரண்டு முன்பற்களுக்கும் இடையில் ஒரு சந்து. அளவாக, அழகாக, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து.

அந்தச் சந்து அவளுக்குத் தெரியும். கல்யாணப் பேச்சின்போது முதல்முதலாக அவள் பார்த்தது அதைத்தான். அதன் வழியாகத்தான் விசிலடித்துக் கண்டக்டரைத் தூங்கவைப்பார். அதை அடைத்துத் தருகிறேன் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். "காத்து வர்ற ஜன்னலை யாராவது சாத்துவாங்களா?" என்பார்.

ஊர் பேர் தெரியாத ஒரு டீச்சரம்மாவின் வாயில் தன் புருஷனின் சிரிப்பைப் பதித்து வைத்திருந்தாள்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண் நிறைந்துவிட்டது. கடைவாய் மெல்லுவதை நிறுத்திவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்து மேஜையிலிருந்து துடைக்கிற பஞ்சுச் சுருளை எடுத்து நீட்டினார்.

"இதோ, இப்பவே மாத்திடறேன் சார்."

மெழுகை இளக்கி இரண்டு பற்களையும் நெருக்கி வைத்தாள். சந்து மறைந்தது. அந்த இடத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் இல்லாமல் என்னால் முடியாது. இத்தனை வருஷத்தில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மிக நேரான வாக்கியம் இதுதான். சமாளிக்க முடியும், அது வேறு விஷயம். சமாளித்துக்கொண்டே இருக்க அவளுக்கு விருப்பமில்லை.

அப்போதுதான் கைப்பையில் போன் அதிர்ந்தது. கண்டக்டரின் செய்தி. "அப்பா ஃபெயில். பஸ் ஸ்டாப்ல ஆள் ஏத்திட்டாரு."

டீச்சரம்மாவின் பற்களை ஜாக்கிரதையாக மூடி வைத்தாள். கடைவாயிடம் அரைநாள் லீவு கேட்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நல்ல மனிதர்.

* * *

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் டிரைவர் வழக்கம்போல ஓட்டுபவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்தார். வழக்கம்போல ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அவர் வலது கால் தரையை அழுத்தியது. வழக்கமாக அதைத் தட்டிவிடுகிற கண்டக்டர் இன்று தட்டிவிடவில்லை. அவள் வேறு நினைப்பில் இருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குப்பா ஃபிளைட்?"

"காலையில. ஏன்?"

"சும்மாதான். ஊர்ல நம்ம வீட்ல குடியிருக்கறவங்க காலி பண்ணிடுவாங்களா?"

"மாடி அறை காலியாதான் இருக்கு. எனக்கு அது போதும்."

"அது ரெண்டு பேருக்கும் போதும்," என்றாள். டிரைவர் அதை எதிரே வந்த வண்டியின் ஹாரனில் தவறவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டிரைவர் அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கினார். யாரும் சொல்லவில்லை. சொல்லும்வரை காத்திருப்பது மரியாதையில்லை என்று நினைத்தார். இரண்டு சட்டைதான் வைத்திருப்பார், வாசல் கதவு திறந்தது.

பல்லம்மா வேலைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அதன் கையில் இளஞ்சிவப்பு மெழுகு ஒட்டியிருந்தது. பெட்டியைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"ஃபெயிலாயிட்டேன்மா."

"தெரியும். பெட்டியை எதுக்கு எடுத்தீங்க?"

"பேசினது அப்படித்தானே? நீ கவலைப்படாத. இங்க எல்லாம் உனக்குப் பழகிடுச்சு. அழகா சமாளிக்கற. நான் இருந்தாலும் தெண்டச் சோறுதான்."

"யாரு சொன்னா சமாளிக்கறேன்னு?"

டிரைவர் திகைத்துப் போனார். அவள் குரலை உயர்த்தி அவர் கேட்டதே இல்லை.

"இன்னிக்கு யாரோ ஒரு அம்மாவுக்கு உங்க பல்லை வெச்சுட்டேன். கை தானா வெக்குது. இதுதான் நான் சமாளிக்கற லட்சணம்." மூச்சு வாங்கினாள். "ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்னு சொன்னேன் இல்லையா? அந்த வாக்கை நானே முறிச்சுக்கறேன். கேக்கறேன். இருங்க. போகாதீங்க. லைசென்ஸ் வரட்டும், வராம போகட்டும், எனக்கு நீங்க இங்க வேணும்."

டிரைவர் மெல்லப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே சட்டை கசங்கியிருக்கும்.

"இதைச் சொல்ல ஒரு வருஷமா?"

"கேட்டா நீங்க இருந்துடுவீங்க. அதான் பயம். எனக்காக இருந்துட்டு, தினம் சாயங்காலம் அந்த ஜன்னல்ல நின்னுக்கிட்டு, போற வர்ற பஸ்ஸையே ஏக்கமா பார்த்துக்கிட்டு இருப்பீங்க. அதை எப்படிங்க நான் பார்க்க?"

"நான் பஸ்ஸைப் பார்த்து ஏங்கினேன்னு யார் சொன்னா?"

"பின்ன?"

"நீ எந்த பஸ்ல வந்து இறங்கறேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்." அசடு வழிந்தார். "நீ இறங்கினப்புறம்தான் டீ போடுவேன். ஆறிடக்கூடாதில்ல?"

பல்லம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு வருஷமாகக் கதவைத் திறந்ததும் அவளுக்குச் சூடாக டீ கிடைத்தது. அது எப்படி என்று அவள் ஒரு நாளும் யோசிக்கவில்லை. இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவருக்கொருவர் இடம் விட்டு விட்டு, நடுவில் ஒரு வருஷத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். எனக்கு இவர்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. அதைவிட அதிகமாகப் பிரியமும் வருகிறது.

"ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொல்லியிருக்காங்க," என்றார் டிரைவர். "அதுவரைக்கும் வேன் வேலை காத்திருக்காது."

"வேற வேன் வரும்."

"நாலாவது தடவையும் கை நீட்டினா நின்னுடுவேனோன்னு இருக்கு."

"அந்த ஸ்டாப்ல நானே போய் நிக்கறேன். கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்."

அவர் சிரித்தார். சந்து தெரியச் சிரித்தார். பல்லம்மா அதை ஆசைதீரப் பார்த்தாள்.

பிறகு டிரைவர் போனை எடுத்தார். இந்த மாதிரிக் காரியங்களைத் தள்ளிப்போட்டால் தனக்குத் தைரியம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். டிப்போவில் டைம் கீப்பர் அவருடைய பழைய சிநேகிதர். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். டிப்போவின் இரைச்சல் இந்த அறைவரைக்கும் கேட்டது.

"என்னய்யா, பெட்டி கட்டியாச்சா? செவ்வாய்க்கிழமை முதல் டிரிப் உனக்குத்தான் போட்டிருக்கேன். உன் பழைய வண்டி. பிரேக்கெல்லாம் புதுசா பண்ணி வெச்சிருக்கோம்."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். பின்னணியில் ஏதோ ஒரு வண்டி உறுமிக் கிளம்பியது. எந்த வண்டி என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கும். பல்லம்மா அவர் தோளில் கை வைத்தாள்.

"எனக்குப் போடாதய்யா," என்றார். "வேற யாருக்காவது குடு. நான் வரலை."

"வரலையா? இந்த வாரமா?"

"இனிமே. வேலையை விட்டுடறேன்."

"நல்லா யோசிச்சுதான் சொல்றியா?" என்றார் சிநேகிதர்.

"யோசிச்சாச்சு. நான் இங்கதான் இருக்கணும். கேட்டுட்டாங்க."

"யாரு?"

"வீட்லதான்," என்றார் டிரைவர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையைப் பற்றி மட்டுமே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

போனை வைத்தார். மனசு லேசாகியிருந்தது. பல்லம்மா பெட்டியைத் திறந்து, கசங்கிய சட்டையை எடுத்து உதறினாள். "கண்டக்டர்!" என்று குரல் கொடுத்தார் டிரைவர், வீடு முழுக்கக் கேட்கும்படி. "வெளிய வா! ஒரு நல்ல சேதி!"

கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

அவள் அறை வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. காலில் ஷூ. தோளில் பை. பக்கத்தில் அவளுடைய பெட்டி, பூட்டி, கைப்பிடி நிமிர்த்தி, ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போதே கிளம்பத் தயாராக.

"இது என்னடி?" என்றாள் பல்லம்மா. கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது.

கண்டக்டர் அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்தாள். எப்போதும் துள்ளுகிற அந்த முகத்தில் இப்போது விளையாட்டு ஒரு துளிகூட இல்லை.

"ஒவ்வொரு தடவை நீங்க டெஸ்டுக்குப் போனப்பவும் ஃபெயிலாகணும்னு வேண்டிக்கிட்டேன்பா," என்றாள். "இன்னிக்கும்தான். நீங்க போனா உங்ககூடப் போயிடலாம்னுதான் இந்த வருஷத்தையே ஓட்டினேன். நேத்தே ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"ஏம்மா? உனக்கு இங்க எல்லாம் பிடிச்சிருக்குன்னுதானே நாங்க..." என்றார் டிரைவர்.

"நீங்க அம்மாவைக் கேக்கலை, அம்மா உங்களைக் கேக்கலை, பிடிச்சிருக்கான்னு என்னை யாருமே கேக்கலை. இன்னிக்கு ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டீங்க. எனக்கு சந்தோஷம்தான்பா, நிஜமா." உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெட்டியின் கைப்பிடியை மட்டும் அவள் விடவில்லை.

"ஆனா இப்ப நான் யார்கூடப்பா போறது?"